மெட்ராஸுக்கு வருகிறவர்கள் ‘ஓம்’ சொல்ல வேண்டாம்

சென்னைக்கு வருகிறவர்களுக்குப் பயன்படும் தகவல்களை இரண்டு பக்கத்துக்குள் எழுதித் தரும்படி இந்தச் சிற்றிதழின் ஆசிரியர் கேட்டிருந்தார். நான் இங்கே வந்து மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்டன என்பது அவருடைய கடிதத்துக்குப் பதில் எழுதத் திகதி போட்டபோதுதான் தெரிந்தது. கொழும்பிலிருந்து கண் வைத்தியத்துக்கு வருகிறவர்கள், கலியாணச் சேலை எடுக்க வருகிறவர்கள், வேறு நாட்டுக்குப் போகும் வழியில் இறங்குகிறவர்கள் எல்லாரும் கேட்பவை ஒரே கேள்விகள்தான். எங்கே தங்குவது, எங்கே பதிவது, எப்படிப் பேசுவது.

இந்த 1991ஆம் ஆண்டு ஆடி மாதம் என் அம்மா வந்து ஆறு வாரம் இருந்தார். அவருக்கு இடது கண் முன்பே போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. அறுவையோடு சேர்த்து ஆறு வாரம் ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்று வைத்தியர் எழுதியிருந்தார். அந்த ஓரிடம் கிடைப்பதும், கிடைத்தது கைவிட்டுப் போகாமலிருப்பதும்தான் எங்கள் பிரச்சினை. தகவல்களை அந்த ஆறு வாரத்தின் வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. தங்குமிடம்

விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே இதை உறுதி செய்யுங்கள். நகரத்து லாட்ஜ்களில் நம் கடவுச்சீட்டைப் பார்த்ததும் அறை இல்லை என்கிறார்கள். சிலர் மரியாதையாகச் சொல்கிறார்கள். சிலர் எதுவும் சொல்லாமல் பேரேட்டை மூடுகிறார்கள். மே மாதம் நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். அது நடந்தது நான் இருக்கும் ஊரில். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

ஊர் ஸ்ரீபெரும்புதூர். நகரத்திலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். வேலை தண்டலம் பக்கத்தில், தொலைக்காட்சிப் பெட்டிக்குள் வைக்கும் கம்பிச் சுருள்களைச் செய்யும் சிறிய தொழிற்சாலை ஒன்றில். யாழ்ப்பாணத்தில் மின்னணுவியல் டிப்ளோமா படித்தேன். இங்கே பூதக்கண்ணாடி விளக்கின் கீழ், ஈயப்பற்று பிடித்திருக்கிறதா என்று பார்க்கிறேன். சரி, சரி, சரியில்லை, சரி. நாள் முழுக்க அந்த இரண்டு சொற்கள் போதும். எனக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது.

முதலாளிக்கு நான் எந்த ஊர் என்று தெரியும். லைனில், அதாவது வரிசையாக உட்கார்ந்து வேலை செய்யும் இடத்தில், மற்றவர்களுக்கு நான் நாகர்கோயில்காரி. தெருவிலும் அப்படியே. பேச்சு கொஞ்சம் வேறு மாதிரி இருந்தால் இங்கே முதலில் கேட்பது “நாகர்கோயிலா?” என்றுதான். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் நடந்தது.

உண்மை தெரிந்த இன்னொருவர் வீட்டுக்கார ரோசம்மா அக்கா. ஐம்பது வயதுக்கு மேல், கணவர் இறந்துவிட்டார், பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. அவருடைய வீட்டின் பின் அறையில்தான் நான் வாடகைக்கு இருக்கிறேன். அம்மா வர வேண்டியதைச் சொன்னபோது அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார்.

“வரட்டும். பெத்தவளுக்குக் கண்ணு போவுதுன்றே, வேணாம்னா சொல்லுவேன்? போலீஸ் ஸ்டேசனுக்கு லெட்டரு நா எழுதித் தர்றேன். ஆனா தெருவுக்குத் தெரியக் கூடாது, கௌரி. தெரிஞ்சா எம் மருமவன் தாம்பரத்துலேந்து வந்து குதிப்பான். உன்னியும் சேத்துத்தான் அனுப்பச் சொல்லுவான்.”

“அம்மா பேசினா தெரிஞ்சிடுமே, அக்கா.”

“அப்ப பேச வேணாம்.”

“ஆறு வாரமா?”

“காச்சல்ல கொரலு போயிடிச்சின்னு சொல்லு. காது கேக்கும், வாயி வராது. ஊர்ல இல்லாததா?”

அம்மாவுக்கு எழுதினேன். மூன்று வாரத்துக்குப் பிறகு, வேறு யாரோ எழுதிக் கொடுத்த பதில் வந்தது. ‘ஓம் பிள்ளை. நான் வாயே திறக்கமாட்டன்.’

2. வந்து இறங்குதல்

மீனம்பாக்கத்தில் வெளியே வந்ததும் உங்கள் பெட்டியைப் பிடிக்கிறவரிடமிருந்து பெட்டியை வாங்கிக்கொள்ளுங்கள். தெருவைக் கடந்தால் எதிரே திரிசூலம் ரயில் நிலையம். அங்கிருந்து தாம்பரம். தாம்பரத்திலிருந்து மணிமங்கலம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் பஸ் உண்டு. சிங்கப்பெருமாள் கோவில்வரை ரயிலில் போய் ஒரகடம் வழியாகவும் வரலாம் என்பார்கள். அந்தப் பாதையில் பஸ் குறைவு, இரு பக்கமும் ஏரியும் வயலும்தான். பெட்டியோடு வேண்டாம்.

அம்மா கதவுக்கு வெளியே வந்து என் கையைப் பிடித்தார். எதுவும் சொல்லவில்லை. பார்வை அவ்வளவு மோசமாகிவிட்டதா, என்னைத் தெரியவில்லையா என்று நினைத்தேன். ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகு என் காதுக்குள் கேட்டார்:

“இஞ்சையிருந்தே துவங்கவோ, இல்லாட்டி வீட்டிலையிருந்தோ?”

தெருவிலிருந்து தொடங்கினால் போதும் என்றேன். பிறகு மணிமங்கலம் தாண்டும்வரை பேசினார். பஸ் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. கொழும்பு வெள்ளவத்தையில் சின்னம்மா வீட்டு மாடிப்படி, ஊரில் கிணற்றில் விழுந்த வாளி, எங்கள் பக்கத்து வளவு வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள். அப்பாவைப் பற்றி அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அப்பா இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் காலையில் சைக்கிளில் போனவர், திரும்பி வரவில்லை. அப்போது நான் இங்கே இருந்தேன்.

பஸ் நிலையத்தில் இறங்கியதும் அம்மா வாயை மூடிக்கொண்டார்.

3. பதிவு

மறுநாளே காவல் நிலையத்துக்குப் போங்கள். தள்ளிப்போட வேண்டாம். கொண்டுபோக வேண்டியவை: கடவுச்சீட்டு, விசாப் பக்கத்தின் நகல், வீட்டுக்காரரின் கடிதம், வைத்தியரின் கடிதம், வெள்ளைத் தாள்கள், கேட்டதைவிட இரண்டு புகைப்படம் கூடுதலாக, கோந்து. கோந்து அங்கே இருக்காது.

அங்கே அம்மா பேசலாம். தெருவில்தான் பேசக் கூடாது, போலீஸில் பேசலாம். இது அம்மாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. பதிவு எழுதும் ரைட்டர் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். படிவத்தை நிரப்பிக்கொண்டே என்னைக் கேட்டார்:

“அவங்களுக்குத் தமிழ் தெரியுமா?”

“நாங்கள் தமிழ்தானே, தம்பி,” என்றார் அம்மா.

“அது தெரியும்மா. நாங்க பேசற தமிழ் புரியுமான்னு கேட்டேன்.”

“நீங்கள் கதைக்கிறது விளங்குது. கெதியாக் கதைக்காட்டில் சரி.”

ரைட்டர் என் பக்கம் திரும்பினார். “இன்னா சொல்றாங்க?”

“புரியுதாம். வேகமாப் பேசாம இருந்தா போதுமாம்.”

‘பேசும் மொழி’ என்ற இடத்தில் தமிழ் என்று எழுதினார். சற்று யோசித்து, பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, சிலோன் என்று சேர்த்தார்.

4. சொற்கள்

நான் வந்த முதல் ஆண்டில் ஒரு கொப்பியில் இரண்டு பத்தியாகக் கோடு போட்டு எழுதிவைத்தவை. இடது பக்கம் நம் சொல், வலது பக்கம் இங்கே சொல்ல வேண்டியது. மிகவும் தேவையானவை மட்டும் தருகிறேன்.

பாண்: பிரெட்.

சவர்க்காரம்: சோப்பு.

பேந்து: அப்புறம்.

வெளிக்கிடுவது: கிளம்புவது.

கதைப்பது: பேசுவது. ‘கொஞ்சம் கதைக்க வேணும்’ என்றால், கதை விடப்போகிறீர்கள் என்று நினைப்பார்கள்.

வடிவு: அழகு. ‘வடிவாய்ப் பாருங்கோ’ என்றால் “யாரு வடிவு?” என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

பெட்டை: எக்காரணம் கொண்டும் வேண்டாம். இங்கே கோழிக்கும் நாய்க்கும் சொல்வது.

ஓம்: ஆமா.

கடைசியில் எழுதினாலும் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான். நாளுக்கு நூறு முறை வாயில் வரும் சொல். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் சூப்பர்வைசர் வந்து, “இந்த லாட் செக் பண்ணியாச்சா?” என்றார். “ஓம்,” என்றேன். எனக்குப் பக்கத்து இருக்கை வசந்தா. அதே தெருவில் இருப்பவள், அதே பஸ்ஸில் வருபவள். கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

“இன்னாடி இது, வேல முடிஞ்சிதான்னு கேட்டா மந்திரம் சொல்றே? கற்பூரத் தட்டு எட்தாரட்டா?”

லைன் முழுக்கச் சிரித்தது. ஒரு வாரத்துக்கு எனக்குப் பெயர் ஓம்காரி. நம் ஊரில் ஓம் என்றால் சம்மதம். இங்கே அது கோயிலுக்குள் மட்டும் புழங்கும் சொல். அன்றிலிருந்து என் வாயில் ஆமாதான்.

கொப்பியில் நூற்றுப் பன்னிரண்டு சொற்கள் இருக்கின்றன. இப்போது சிலவற்றுக்கு வலது பக்கம்தான் உடனே நினைவு வருகிறது. இடது பக்கம் என்ன இருந்தது என்பதைக் கொப்பியைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. ரயிலில் அம்மா பேசியபோது சில வாக்கியங்கள் எனக்கு ஒரு நொடி தாமதமாகத்தான் புரிந்தன. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று சொல்கிறேன்.

5. ஆஸ்பத்திரி

அதிகாலையிலேயே வரிசைக்குப் போய்விடுங்கள். துணைக்கு வருபவருக்குப் பாய் கொண்டுபோக வேண்டும். அறுவை முடிந்து நான்காம் நாள் கண்ணுக்கு மேல் பச்சைத் துணி கட்டி அனுப்பிவிடுவார்கள். ஒரு தாள் தருவார்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து. குனியக் கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். அழக் கூடாது.

“அழக் கூடாதும்மா, இன்னா?” என்று நர்ஸ் இரண்டு முறை சொன்னார். அம்மா என் பக்கம் முகத்தைத் திருப்பினார். நான் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தேன்.

6. பழங்கள்

இரண்டு வாரம் ஒரு சொல்கூட வெளியே போகவில்லை. பகலில் நான் வேலையில் இருக்கும்போது ரோசம்மா அக்கா பள்ளிக்கூடத்திலிருந்து நடுவில் ஒருமுறை ஓடிவந்து மருந்து ஊற்றிவிட்டுப் போவார். மாலையில் கதவைச் சாத்திவிட்டு அம்மா என்னோடு கிசுகிசுப்பார். பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றி. எனக்கும் அதுவே வசதியாக இருந்தது.

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை எங்களுக்கு வார விடுமுறை. பக்கத்து வீட்டுத் தனலட்சுமி ரசம் கொண்டுவந்தாள். நல்ல பெண், மாலையில் விளக்கேற்றியதும் யார் வீட்டுக்காவது எதையாவது கொண்டுபோகிறவள். அம்மா சுவரில் சாய்ந்து அரைத் தூக்கத்தில் இருந்தார்.

“மத்தியானம் நல்லா சாப்டீங்களாம்மா?” என்று கேட்டாள் தனலட்சுமி.

“ஓம்,” என்றார் அம்மா.

தனலட்சுமி பாத்திரத்தைக் கீழே வைக்கவும் இல்லை, தரவும் இல்லை. “கௌரி, இப்ப இன்னா சொன்னாங்க?”

லைனில் ஒரு சுருள் சரியா இல்லையா என்று சொல்ல மூன்று வினாடி தருவார்கள். மூன்று வினாடி போய்விட்டது.

“ஓம்னு சொன்னாங்க,” என்றாள் அவளே. “வாயி வராதவங்க ஓம்னு சொன்னாங்க! வெள்ளிக்கெயம வெளக்கு வெக்கிற நேரத்துல!” அவள் வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே வந்தாள்.

ஒரு மணி நேரத்தில் நான்கு பெண்கள் வந்துவிட்டார்கள். தனலட்சுமி முன்னால் உட்கார்ந்து, “அம்மா, எம் பொண்ணுக்குத் தையில கல்யாணம் அமைஞ்சிடுமா?” என்று கேட்டாள். அம்மா கட்டாத கண்ணால் என் பக்கம் பார்த்தார். அந்தக் கண்ணுக்குத் தெரியாது என்பது வேறு விஷயம். பிறகு, தனக்கு அனுமதி இருக்கும் ஒரே சொல்லைச் சொன்னார்.

“ஓம்.”

அடுத்த வாரம் முழுக்க நடந்தவை, நான் வீட்டில் இருந்தபோது கேட்ட வரிசையில்: ஆசிரியர் ஒருவருடைய மனைவி, கணவருக்கு மாற்றல் கிடைக்குமா. ஓம். கடைசி வீட்டு மருமகள், மாமியார் மூத்த மகன் வீட்டுக்குப் போய்விடுவாரா. ஓம். மறுநாள் அந்த மாமியார், மருமகள் திருந்துவாளா. ஓம். ஒவ்வொருவரும் வாழைப்பழம் வைத்துவிட்டுப் போனார்கள். கதவைச் சாத்தியதும் அம்மா மெல்லச் சொன்னார்:

“நான் பொய் சொல்லேல்லை. இந்தத் தையிலை அமையாட்டில் அடுத்த தையிலை அமையும்தானே.”

ரோசம்மா அக்கா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து வாசலில் நின்றார். “யாரு கௌரி இங்க கற்பூரம் கொளுத்தனது? ஞாயித்துக்கெயம பாதர் வந்தார்னா நா இன்னான்னு சொல்றது? எங்கூட்டுல சாமியார் மடம் வெச்சிக்கிறேன்னா?” பிறகு என் அருகே வந்து குரலைக் குறைத்தார். “ஆயிரம் வார்த்த கீது. ஒண்ணே ஒண்ணு வாயில வந்துது, அதுவும் இப்பிடி ஒண்ணா வந்துதே! போவுது. அந்த ஒண்ணோட நிக்கச் சொல்லு.”

பயமாக இருந்ததா என்று யாராவது கேட்டால் இல்லை என்பேன். மனதுக்குள் கணக்குதான் ஓடியது. ஆள் வர வர, இன்னொரு சொல் தவறும் வாய்ப்பு கூடிக்கொண்டே போனது. இருபத்திரண்டாம் நாள், இருபத்துமூன்றாம் நாள் என்று நாட்காட்டியில் கோடு போட்டேன்.

7. வசந்தா

வசந்தா மட்டும் வரவில்லை. லைனில் என்னைச் சீண்டினாள். “உங்கம்மா பேர்ல உண்டி வெச்சிட்டியா? எனக்கு எதுனா பங்கு உண்டா?”

அவளுடைய கணவர் லாரி ஓட்டுநர். ஏழு மாதத்துக்கு முன் வடக்கே சரக்கு ஏற்றிப் போனார். நாக்பூரில் வண்டியை ஒப்படைத்துவிட்டு இறங்கிப் போனார் என்பதுவரை தகவல் இருந்தது. அதற்கு மேல் இல்லை. வசந்தா இதை லைனில் பேசமாட்டாள். யாராவது கேட்டால், “டாஜ்மால் பாக்கப் போய்க்கிறாரு, கூட்டம் போல, லேட்டாவுது,” என்பாள்.

நான்காவது வாரம் ஒரு வியாழக்கிழமை பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அவள் தன் வீட்டுப் பக்கம் திரும்பாமல் என்னோடு நடந்தாள்.

“உங்கம்மாகிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“அம்மா தூங்குவாங்க, வசந்தா.”

“எய்ப்பு.”

அம்மா விழித்துத்தான் இருந்தார். வசந்தா செருப்பைக் கழற்றவில்லை, பழமும் கொண்டுவரவில்லை. சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவுக்கு எதிரே குந்தினாள்.

“எனக்கு இதுலல்லாம் நம்பிக்க இல்லமா. இருந்தாலும் கேக்கறேன். எங்கூட்டுக்காரரு வருவாரா?”

அம்மா பேசவில்லை. நான் வசந்தாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஓம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அவள் எழுந்து போய்விடுவாள். மிச்சம் இரண்டு வாரம்தான். சொல்லுங்கள், சொல்லிவிடுங்கள் என்று நினைத்தேன்.

“ஏம்மா, எல்லாருக்கும் சொன்னீங்க,” என்றாள் வசந்தா.

அம்மா கையை நீட்டித் தடவி, அவளுடைய முழங்கையைப் பிடித்தார்.

“எனக்குத் தெரியாது பிள்ளை. என்ர மனுசனும் போய் ரெண்டு வருசமாச்சு. அவர் வருவாரோ எண்டதே எனக்குத் தெரியாது. உமக்கு நான் என்னெண்டு சொல்ல?”

வெளியே நெடுஞ்சாலையில் லாரிகள் போகும் சத்தம் கேட்டது. அவள் என் பக்கம் திரும்பினாள்.

“நாகர்கோயிலா?”

“இல்லை.”

“சிலோனா?”

“ஓம்,” என்றேன். மூன்று ஆண்டாகச் சொல்லாத சொல் தானாக வந்தது.

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அம்மா, “நான் பிழை விட்டிட்டன்,” என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை. பெட்டியை எடுத்து அம்மாவின் சேலைகளை அடுக்கினேன். பிறகு ஒரு தாளில் எழுதினேன். ஒன்று, ஆஸ்பத்திரியில் பணம் இல்லாதவர்களுக்கான பொது வார்டில் கேட்பது. இரண்டு, முதலாளியிடம் சொல்லித் தொழிற்சாலைப் பின்பக்க அறையைக் கேட்பது. மூன்று என்று எழுதி, அதற்கு எதிரே எதுவும் எழுதவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை விடுமுறை. யாரும் வந்து கதவைத் தட்டவில்லை. சனிக்கிழமை காலை லைனில் வசந்தா வழக்கம்போல் பக்கத்தில் உட்கார்ந்தாள். தேநீர் மணிவரை சுருள்களைப் பார்த்துத் தள்ளினாள். பிறகு, சுருளிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

“மூணு வருசமா பக்கத்துலயே குந்திகினு பொய்யி சொல்லிகினு இருந்துக்கிறே. நாகர்கோயில்ல மீன் கொயம்புக்குத் தேங்கா அரைச்சி ஊத்துவாங்கன்னு எனக்கே கதை வுட்டே இல்ல? இன்னொரு தபா வுட்டேன்னு வெச்சிக்கோ, ஈயம் பத்தவெக்கிற இந்த அயர்ன எடுத்து சூடு வெச்சிடுவேன்.”

“யார்கிட்டயாவது சொன்னியா?”

“பகல்ல உங்கம்மாவுக்குச் சொட்டு மருந்து யாரு ஊத்தறது?” என்று கேட்டாள்.

8. திரும்பிப் போவதற்கு முன்

அம்மாவின் கண் பிழைத்தது. ஆறாம் வாரம் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு அம்மா பார்த்த முதல் பொருள் ஆஸ்பத்திரிச் சுவரில் இருந்த எழுத்துப் பலகை. கடைசிக்கு முந்தைய வரிவரை வாசித்தார். திரும்பும்போதும் காவல் நிலையத்தில் போய்ச் சொல்ல வேண்டும், மறந்துவிடாதீர்கள். அம்மா இப்போது வெள்ளவத்தையில் இருக்கிறார். இதை வாசிப்பார்.

தெருவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அதற்குக் காரணம் வசந்தா. அடிகுழாயில் தண்ணீர் பிடிக்கும்போது எல்லாருக்கும் கேட்கும்படி அவள் சொன்னது எனக்கும் கேட்டது.

“அந்தம்மாவ யாரும் போயி தொந்தரவு குடுக்காதீங்க. பேசுனா கண்ணுத் தையலு பிரிஞ்சிடும்னு டாக்டரு சத்தம் போட்டுக்கிறாரு. ஓம்னு கூட சொல்லக் கூடாதாம். அப்புறம் கண்ணு போச்சின்னா அந்தப் பாவம் உங்களத்தான் சேரும்.”

தனலட்சுமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை.

வசந்தா முதல் ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டாள். இரண்டு மணிக்கு முடியும். நேராக எங்கள் அறைக்கு வந்து மருந்து ஊற்றுவாள். நான் ஐந்தரைக்குத்தான் புறப்படுவேன். இருவரும் என்ன பேசுவார்கள் என்று நான் கேட்டதில்லை. அம்மாவின் குரல் மட்டும் நாளுக்கு நாள் தெளிந்துகொண்டே வந்தது.

கடைசி வாரத்தில் ஒரு நாள் மின்சாரம் நின்று எங்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை. அறைக் கதவு சாத்தியிருந்தது. தட்டப் போனபோது உள்ளே அம்மாவின் குரல் கேட்டது. அப்பா போன நாளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நாளைப் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் கடிதங்களில் வந்தவை. அவற்றை வைத்து, அப்பாவைத் தேடித் தரும்படி இங்கிருந்து பதினோரு மனுக்கள் எழுதியிருக்கிறேன், அலுவலகங்களுக்கும் உதவி நிறுவனங்களுக்கும். திகதி, நேரம், உயரம், வலது புருவத்துக்கு மேல் தழும்பு, சைக்கிளின் நிறம், வெளிர்நீல முழுக்கைச் சட்டை. ஒவ்வொரு மனுவிலும் அதே வரிசை. எதையும் விட்டதில்லை.

“காத்தால துன்னுட்டுப் போனாரா?” என்று கேட்டாள் வசந்தா.

“இல்லை. வந்து சாப்பிடுறன் எண்டவர். வெளிக்கிடேக்கை சேட்டுப் பொத்தான் ஒண்டு கழண்டுபோச்சு. நில்லுங்கோ, ஒரு நிமிசத்திலை தைச்சுத் தாறன் எண்டன். நான் ஊசி கோத்துக்கொண்டு வர அவர் படலையைத் திறந்திட்டார். பேந்து தையன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவர்.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான் பிள்ளை. அந்த ஊசி இன்னும் நூலோடைதான் குத்திக் கிடக்கு.”

அம்மா அழுகிறாரோ என்று காதை வைத்துக் கேட்டேன். இல்லை.

“எந்தப் பொத்தான்?” என்றாள் வசந்தா.

“மேலையிருந்து ரெண்டாவது.”

நான் கதவைத் தட்டவில்லை. கைப்பையைத் திறந்து பேனாவைத் தேடி எடுத்தேன். தாள் எதுவும் இல்லை. பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தைச் சுவரில் வைத்து, சிறிய எழுத்தில், மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை என்று எழுதிக்கொண்டேன்.